"நீங்கள் எந்த வார்டு?"

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஓரெம் (Orem) நகருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் வாரமே பக்கத்து வீட்டம்மா சூடான ரொட்டியோடு கதவைத் தட்டினார். பனி கொட்டிய நாளில் எதிர்வீட்டுப் பையன், யாரும் கேட்காமலே எங்கள் வாசல் பனியையும் அள்ளிப் போட்டான். தங்கமான மனிதர்கள்.

ஆனால் இங்கே பெரும்பாலோர் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். அந்தச் சபையில் யார் எந்த வார்டு, அதாவது எந்த உள்ளூர்ச் சபைக் குழு, என்பதை வீட்டு முகவரிதான் முடிவு செய்கிறது. அதனால் தெரு, சபை, பிள்ளைகளின் நட்பு எல்லாமே ஒரே வட்டம். உயர்நிலைப் பள்ளியை ஒட்டியே செமினரி, அதாவது மார்மன் பிள்ளைகளின் வேத வகுப்புக் கட்டடம். பள்ளி நேரத்திலேயே ஒரு பீரியட் அங்கே போய் வேதம் படித்துவிட்டு வருவார்கள். என் மகளின் தோழிகள் மூவரும் சேர்ந்து போகிறார்கள். இவள் மட்டும் ஓவிய வகுப்புக்குத் திரும்புகிறாள். "எல்லாரும் எங்கேயோ சேர்ந்து போற மாதிரியே இருக்கும்மா" என்றாள் நேற்று. மனசு கேட்கவில்லை.

சவுத் ஜோர்டன் கணேசர் கோயிலுக்குப் போய் வந்தால் நிம்மதிதான். ஆனால் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் பேசவும் ஆள் வேண்டுமே.

போன சனிக்கிழமை வெஸ்ட் வேலி சிட்டியில் ஒரு கடைக்குப் போனோம். பசிபிக் தீவு நாடான டோங்காவைச் சேர்ந்த பாட்டி ஒருவர் சேப்பங்கிழங்கை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துப் பொறுக்கினார். பக்கத்தில் ஸ்பானிஷ், அப்புறம் வியட்நாமியப் பேச்சு. டோங்கா மக்களிலும் மார்மன்கள் நிறைய உண்டு. எனக்கு வேண்டியது மார்மன் இல்லாத ஊர் அல்ல, பலவிதமானவர்கள் கலந்து வாழும் தெரு.

வெஸ்ட் வேலியிலோ சால்ட் லேக் சிட்டியிலோ பிள்ளைகளோடு இருப்பவர்கள், உங்கள் தெரு எப்படி என்று சொல்லுங்கள். கோடை விடுமுறையில் வீடு மாறப் பார்க்கிறோம்.