நாலாவது சீட்டு

மும்பைக்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று சொல்லித்தான் ஊரிலிருந்து அனுப்பினார்கள். பாதி உண்மை. எதிர் வீட்டுக்காரம்மா பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் விரார் லோக்கல் ரயிலில், லேடீஸ் பெட்டியில், கதையே வேறு. ஏறியதும் உட்கார்ந்திருப்பவரிடம் "எங்கே இறங்குவீங்க?" என்று கேட்க வேண்டும். அந்தேரி என்றால், அந்தேரி வரை அந்த இடத்துக்கு நான்தான் வாரிசு. வேறு யாரும் பாய முடியாது. மூன்று பேர் பெஞ்சில் நாலாவதாக ஒருவர் வந்து நின்றால் மூவரும் ஒன்றும் பேசாமல் நகர்கிறார்கள். கிடைப்பது அரை இடம்தான், மீதி உடம்பு அந்தரத்தில். (நம்மூர் பஸ்ஸில் கேட்டுப் பாருங்களேன்!)

சாயங்கால வண்டியில் மடியில் பையை விரித்துப் பட்டாணி உரிப்பார்கள். கம்மல் விற்பவளிடம் பேரம் நடக்கும். தசரா சமயத்தில் பெட்டிக்கே தோரணம், எல்லோருக்கும் இனிப்பு.

2005 ஜூலை 26. மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. சித்தப்பா தாதரிலிருந்து போரிவலிக்கு நடந்தே போனார். வழியில் முன்பின் தெரியாதவர்கள் டீயும் பிஸ்கட்டும் நீட்டினார்களாம்.

நேற்று பட்டாணி உரிக்கும் அக்கா எனக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தார். தின்பதற்கு இல்லை, உரிப்பதற்கு.