பழைய கணினியில் விளையாட்டு திணறியபோது

என்னுடைய மேசைக் கணினிக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. 2012இல் வெளிவந்த கோர் ஐ5-3470 பிராசஸர், 2014இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, ஒற்றைக் குச்சியாக 8 ஜிபி ரேம்: இவ்வளவுதான் அதன் சொத்து. விளையாட்டைத் தொடங்கிக் கால் மணி நேரம் வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். அதன்பிறகு படம் விட்டுவிட்டு நகரும். கிராஃபிக்ஸ் கார்டின் காலம் முடிந்துவிட்டது என்றே முடிவுகட்டியிருந்தேன்.

புதிய கார்டு வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்த்தேன். ரெசல்யூஷனை, அதாவது திரையில் வரையப்படும் புள்ளிகளின் அளவை, 1920×1080இலிருந்து 1280×720க்குக் குறைத்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும்) கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் ஏறத்தாழ 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாக இறங்கிவிடும். திணறுவது கார்டுதான் என்றால் அப்போது வேகம் கூடியிருக்க வேண்டும். எனக்கோ நொடிக்கு வரும் ஃபிரேம்களின் எண்ணிக்கை அசையவே இல்லை. குற்றவாளி பிராசஸர் பக்கம்தான் இருக்கிறான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளை ஓடவிட்டு விளையாடியபோது, பிராசஸர் 100 டிகிரியைத் தாண்டுவதையும், அந்தக் கணமே தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதையும் கண்ணால் பார்த்தேன். கால் மணி நேரத் தாமதத்துக்கும் விடை கிடைத்தது. சூடு ஏற அவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது. பெட்டியைத் திறந்து விசிறியைக் கழற்றினால், அதற்கும், பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளித் துணிபோலப் படிந்திருந்தது. பிராசஸரிலிருந்து ஹீட்சிங்க்குக்குச் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்து, விரலால் தேய்த்தால் சுண்ணாம்பாக உதிர்ந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இரு பரப்புகளையும் துடைத்து, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்து மூடினேன். முதல் முறை சூடு குறையவே இல்லை. ஹீட்சிங்க்கை மதர்போர்டில் பிடித்துக்கொள்ளும் நான்கு முளைகளில் ஒன்று சரியாகப் பூட்டவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது வீணானது. அதை அழுத்திப் பூட்டியபின் வெப்பநிலை 70 டிகிரிக்கு மேல் ஏறவில்லை.

அடுத்தது ரேம். என் கணினியிலுள்ள டிடிஆர்3-1600 வகை ரேம் குச்சி ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு அதிகபட்சம் 12.8 ஜிபி தரவுதான் பாயும்; இரண்டை உரிய ஸ்லாட்டுகளில் பொருத்தினால் அது இரட்டிப்பாகும். மதர்போர்டின் கையேட்டைப் பார்த்து, அதே வகைக் குச்சி இன்னொன்றைச் சேர்த்தேன். சராசரி ஃபிரேம் எண்ணிக்கை கொஞ்சம்தான் உயர்ந்தது. ஆனால் இடையிடையே வந்த வெட்டுகள் பெருமளவு அடங்கின. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிநொடிதான் அவகாசம். அவற்றுள் ஒன்று மட்டும் 50 மில்லிநொடி எடுத்துக்கொண்டாலும், சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும், கண் அதைப் பிடித்துவிடும்.

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியைப் பொருத்தியது, விளையாட்டு திறக்கும் நேரத்தைக் குறைத்ததே தவிர, ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. வேகத்தை உயர்த்துவதாகச் சொல்லும் 'பூஸ்டர்' மென்பொருள்களை நான் தொடவே இல்லை. பழைய பிராசஸருக்குப் பின்னணியில் இன்னொரு சுமை எதற்கு?

செட்டிங்ஸில் எல்லாவற்றையும் கடைசிக்கு இறக்குவது வீண் வேலை. என் கணினியில் பிராசஸருக்குப் பாரமானவை தெருவில் நடமாடும் கூட்டமும் தொலைதூரக் காட்சிகளும்தான். அவற்றை மட்டும் குறைத்தேன். பொருள்களின் மேற்பரப்புப் படங்களான டெக்ஸ்சரின் தரத்தை, கார்டின் 2 ஜிபி நினைவகம் தாங்கும் அளவுக்கு, நடுத்தரத்தில் வைத்தேன். ரெசல்யூஷன் மீண்டும் 1080க்கே வந்துவிட்டது. மிகக் கனமான ஒரு விளையாட்டுக்கு மட்டும் 30 ஃபிரேம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறேன். 35க்கும் 55க்கும் இடையே ஊசலாடுவதைவிட அது எனக்குச் சீராகத் தெரிகிறது.