நீஸ் நகரத்து ரட்டாட்டூய், கோவை அடுப்பில்

செப்டம்பர் 12, வியாழன். நீஸ், தென் பிரான்ஸ்

கூர் சலேயா சந்தையில் திங்கட்கிழமை மட்டும் பழம்பொருள் கடைகள். மற்ற நாட்களில் கோடு போட்ட துணிப் பந்தல்களின் கீழே காயும் பழமும் பூவும்தான். பூ வாடாமல் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும், சுக்கினி என்னும் பூசணிக் குடும்பத்து நீளக் காய், இந்த ஊர்ப் பெயரையே தாங்கிய உருண்டைச் சுக்கினி, கையால் தொட்டாலே கனிவு தெரியும் தக்காளி. கோடை முடிகிற இந்த நேரத்தில்தான் ரட்டாட்டூய் என்ற இந்த ஊர்க் காய்கறிச் சமையலுக்கு வேண்டிய எல்லாக் காய்களும் ஒன்றாகப் பழுத்து மலிந்து கிடக்கின்றன.

நாங்கள் தங்கியிருக்கும் வீட்டு அம்மையார் மதியம் அதைச் சமைத்தார். பக்கத்தில் நின்று பார்க்கக் கேட்டேன். மகிழ்ச்சியோடு நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார். நான் அதுவரை எல்லாக் காய்களையும் ஒரே சட்டியில் போட்டு வேகவைக்கும் கூட்டு என்றே எண்ணியிருந்தேன். அவரோ கத்தரிக்காயைத் தனியாக வதக்கி எடுத்தார். அதே வாணலியில் சுக்கினி, பிறகு குடைமிளகாய். வெங்காயமும் பூண்டும் தக்காளியும் இன்னொரு சட்டியில் தைம் என்ற மூலிகைத் தழை, பிரிஞ்சி இலை போன்ற லாரல் இலை இவற்றோடு மெல்லக் குழைந்துகொண்டிருந்தன. கடைசியில்தான் எல்லாம் ஒன்றுசேர்ந்தன. காய் கரையவில்லை, ஒவ்வொன்றும் தன் சுவையோடு நாக்கில் தெரிந்தது.

செப்டம்பர் 13, வெள்ளி. நீஸ்

நேற்று மிஞ்சியதை இன்று ஆறிய நிலையில் ரொட்டியோடு கொடுத்தார். நேற்றைவிட நன்றாக இருந்தது! எண்ணெயும் தக்காளிச் சாறும் இரவு முழுதும் காய்க்குள் இறங்கியிருந்தன.

உணவகங்களின் படங்களில் காய்களை மெல்லிய வட்டங்களாக நறுக்கி வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அது 1970களில் மிஷெல் கெரார் என்ற சமையல் கலைஞர் உருவாக்கிய வடிவத்திலிருந்து வந்தது. பார்க்க அழகுதான். ஆனால் என் மனம் இந்த வீட்டுச் சட்டியின் பக்கமே நிற்கிறது. தோட்டத்தில் விளைந்ததை வீணாக்காமல் தின்ற எளிய மக்களின் உணவு இது. தக்காளியும் குடைமிளகாயும் சுக்கினியின் மூதாதையும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் கடந்து வந்தவை. கத்தரிக்காய் நம் ஆசியாவிலிருந்து அரபு நாடுகள் வழியாகப் போனது. இவ்வளவு தூரத்துக் காய்கள் மத்தியதரைக் கடலோரம் ஒரே சட்டியில் சேர்ந்ததை நினைக்க எனக்கு உண்மையாகவே சிலிர்க்கிறது.

செப்டம்பர் 21, சனி. கோயம்புத்தூர்

புரட்டாசி முதல் சனி. அத்தைக்கு விரதம்; வெங்காயமும் பூண்டும் வீட்டில் இன்று கிடையாது. சமையல் நாளைக்கு. ஆனால் காய்களை இன்றே வாங்கிவிட்டேன்.

விதை முற்றாத நீலக் கத்தரிக்காய், மலைக்காய்க் கடையில் சுக்கினி, சிவப்பிலும் மஞ்சளிலும் குடைமிளகாய். சுக்கினிக்குப் பதில் பீர்க்கங்காய் போடலாமே என்றார் கடைக்காரர். பீர்க்கங்காய் வாணலியில் விழுந்ததும் நீர்விட்டுச் சுருங்கிவிடும். வெளியே பொன்னிறம், உள்ளே மென்மை என்று அதை வதக்க முடியாது. தக்காளியில் நாட்டுத் தக்காளி புளிப்பு அதிகம் என்பதால், நன்கு பழுத்த பெங்களூர்த் தக்காளியையே எடுத்தேன்.

லாரல் இலையை நீஸிலிருந்தே கொண்டுவந்தேன். நம் பிரிஞ்சி இலை வேறு மரம். அதன் இலவங்கப்பட்டை வாசம் இந்தச் சட்டிக்கு ஒவ்வாது. பேசில் என்ற வாசத் தழைக்குப் பதில் கொல்லையில் திருநீற்றுப்பச்சிலை இருக்கிறது. இரண்டும் ஒரே இனம்தான். நம்முடையது வாசம் தூக்கல், ஆகவே அளவைப் பாதியாக்க வேண்டும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

அரைக் கிலோ கத்தரிக்காய், அரைக் கிலோ சுக்கினி, குடைமிளகாயும் பெரிய வெங்காயமும் கால் கிலோ வீதம், முக்கால் கிலோ தக்காளி, நான்கு பல் பூண்டு.

தக்காளியைக் கொதிநீரில் போட்டெடுத்துத் தோலுரித்து, விதையைப் பிழிந்துவிட்டேன். கத்தரித் துண்டுகள் எண்ணெயைக் குடிக்கும். அதைக் கண்டு பயந்து மேலும் ஊற்றக் கூடாது. தீ சீராக இருந்தால், வெந்ததும் குடித்ததில் கொஞ்சத்தைத் தானே வெளியே விடும். நீஸ் பகுதியின் கைத்தியே என்ற சிறிய கரிய ஆலிவ் வகையில் ஆட்டிய எண்ணெய் ஒரு புட்டி என்னிடம் இருந்தது. 2001-இல் அந்த எண்ணெய்க்கு, நம் புவிசார் குறியீடு போன்ற ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. காரமில்லாத, பாதாமை நினைவூட்டும் எண்ணெய். வதக்குவதற்குச் சாதாரண ஆலிவ் எண்ணெய் போதும் என்று, இதை இறக்கிய பின் மேலே ஊற்றத்தான் எடுத்தேன்.

அத்தை அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கடுகு தாளிக்கலையா, கண்ணு? மிளகாய்த்தூளாவது?"

"வேண்டாங்க அத்தை. உப்பும் மிளகும் மட்டும்தானுங்க."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கோ விட்டுக்கொடுக்க மனமில்லை. மசாலா எனக்கு உயிர்; ஆனால் இந்தச் சட்டியில் ஒரு சிட்டிகை சீரகம் விழுந்தாலும் சுக்கினியின் இனிப்பு மறைந்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்த பின் மூடாமல் சிறு தீயில் கால் மணி நேரம். இறக்கிய பிறகே திருநீற்றுப்பச்சிலையைக் கிள்ளிப் போட்டேன்.

செப்டம்பர் 23, திங்கள்

காலையில் ஆறியதைச் சுவைத்தேன். நீஸ் வீட்டுச் சட்டியில் இருந்த தக்காளி இனிப்பு இதில் இல்லை. மற்றபடி கத்தரியும் குடைமிளகாயும் அச்சாக அதுவே. அத்தை தோசைக்குத் தொட்டுக்கொண்டார். பிறகு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொன்னார்.