தஞ்சாவூர்–திருவையாறு: ஒரு தடத்தின் கணக்கு

4.8.2025, திங்கள்

நேற்று ஆடிப்பெருக்கு. திருவையாற்றில் காவிரிக் கரையின் புஷ்ய மண்டபத் துறைக்குத் திரண்ட கூட்டத்தை வைத்துப் பேருந்து அட்டவணை போடக்கூடாது. அதற்குச் சிறப்புப் பேருந்து போதும். சாதாரணமான ஒரு செவ்வாய், புதன் காலைதான் அளவுகோல். ஆட்களை எண்ணப் போகுமுன் நாள்காட்டித் தாளைப் பார்க்க வேண்டும். முகூர்த்த நாளில் எடுத்த எண்ணிக்கை குப்பைக்குத்தான்.

5.8.2025, செவ்வாய்

வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஐந்தையும் தாண்டினால் திருவையாறு. கணக்குக்காகப் போக 40 நிமிடம், வர 40, இரு முனையிலும் பத்துப் பத்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று 100 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒன்று விட 10 பேருந்து, மாற்றுக்கு ஒன்று.

போக, வர பத்துப் பத்து நிமிடம் நெரிசலில் போனால் சுற்று 120, பேருந்து 12. கூடுதல் இரண்டுக்கும் இரண்டு ஷிப்டு ஓட்டுநர், நடத்துநர் என்று 8 பேர். இத்தனைக்கும் பயணிக்கு ஒரு நடைகூடக் கூடுவதில்லை. பேருந்து கேட்டுக் கோப்பு எழுதுமுன் நிமிடம் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் ஒழுகுவது சிக்னலுக்கு முன்னால் இருக்கும் நிறுத்தத்தில். பச்சை விழும்போது ஆள் ஏறிக்கொண்டிருக்கும். ஏறி முடிந்தால் சிவப்பு. நிறுத்தத்தைச் சந்திப்பு தாண்டி 30, 40 மீட்டர் தள்ளி வைத்தால் தீரும். செலவு நிழற்குடை ஒன்று. எதிர்ப்பு, பழைய இடத்து டீக்கடையிலிருந்து வரும்.

7.8.2025, வியாழன்

2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சீட்டு மட்டும் கொடுத்தாக வேண்டும். அரசு ஈடுசெய்யும் தொகைக்கு அதுதான் கணக்கு. எங்கே ஏறினார்கள் என்று அறியவும் அதே சீட்டுத்தான், ஆனால் அப்படியே நம்ப முடியாது. நெரிசலில் நடத்துநர் ஸ்டேஜ் (சீட்டில் பதியும் கட்டண நிலை) மாற்றப் பிந்துவார். மூன்று நிறுத்தத்துக் கூட்டம் ஒரே ஸ்டேஜில் பதிவாகிவிடும். மாதம் ஒரு நாளாவது ஆள் வைத்து நேரில் எண்ணிச் சரிபார்க்க வேண்டும்.

12.8.2025, செவ்வாய்

பேருந்து போக்குவரத்துக் கழகத்துடையது. நிலையம் மாநகராட்சியுடையது. சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறை, சிக்னல் காவல் துறை, பெர்மிட் ஆட்சியர் தலைமையிலான வட்டாரப் போக்குவரத்து ஆணையம். சென்னைக்கு ஒருங்கிணைந்த ஆணையம் அமைக்க 2010லேயே சட்டம் வந்தது. 2006 தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை அப்படி ஆணையம் அமைக்கப் பத்து லட்சம் மக்களுக்கு மேல் உள்ள ஊர்களைத்தான் சொல்கிறது. தஞ்சாவூரும் கும்பகோணமும் அந்தக் கணக்கில் வராது. எனவே இங்கே இந்தத் துறைகள் உட்காரும் கூட்டம்தான் ஆணையம். கூட்டக் குறிப்பில் துறை, தேதி, தொகை மூன்றும் இல்லாத முடிவு முடிவே இல்லை.

நிலையம் கட்ட மானியம் கிடைக்கும். விளக்குக்கும் கழிப்பறைக்கும் ஆண்டுதோறும் யார் கொடுப்பது? மதிப்பீட்டிலேயே பராமரிப்புக்கு எந்தத் துறை, எந்தக் கணக்குத் தலைப்பு என்று எழுதிவிட வேண்டும். 2028 மகாமகத்துக்குக் கும்பகோணத்தில் போடும் தற்காலிக நிலையங்களுக்கும் இதே கேள்வி: மண்ணடித்து இறுக்கிய தரையை விழா முடிந்தபின் யார் வைத்துக்கொள்வது?

18.9.2025, வியாழன்

குறுவை அறுவடை. சாலையின் பாதியில் நெல் காய்கிறது. ஓரத்தில் கல் வைத்துவிட்டால் ஒரு வண்டிக்குத்தான் வழி. விரட்டிப் பயனில்லை, களம் போதாத ஊரில் வேறெங்கே உலர்த்துவார்கள்? போக, வர ஐந்தைந்து நிமிடம் கூட்டினால் சுற்று 110, பேருந்து 11. மாற்றுப் பேருந்தும் ஓடியாக வேண்டும். செப்டம்பர்–அக்டோபருக்கும், சம்பா அறுவடை வரும் ஜனவரி–பிப்ரவரிக்கும் தனி அட்டவணை. அந்த மாதங்களில் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டியை நிறுத்தாமல் முன்னதாகவே முடித்துவிடும்படி பணிமனைக்கு எழுத வேண்டும்.