ஒரு மேசையில் நாலு வருஷப் பிறப்பு

கும்பகோணத்தில் உட்கார்ந்து ஒரு குடும்பத்தின் சொத்துக் கணக்கைப் பார்ப்பது என் வேலை. திருவிடைமருதூர் பக்கம் நிலம், ஓர் அரிசி ஆலையில் பங்கு, ஊரில் ஒரு வீடு. உரிமைக்காரர்களில் பெரியம்மா மட்டும்தான் இங்கே இருக்கிறார். அண்ணன் லண்டன், அக்கா நியூஜெர்சி. அக்கா அமெரிக்கா போவதற்கு முன் சில வருஷம் லண்டனில் வேலை பார்த்தவர். அங்கே விட்டுப்போன சேமிப்பை அண்ணன் கவனித்துக்கொள்கிறார். அட்லாண்டிக்கின் இரண்டு கரைக்கும் நடுவே ஓடும் அந்தக் கணக்கும் சுற்றிச் சுற்றி என் மேசைக்குத்தான் வருகிறது.

பணத்தைவிட இதில் பாடாய்ப் படுத்துவது தேதி. வருவாய்த் துறைக்கு ஜூலையில் பசலி, அதாவது நிலவரிக் கணக்கு வருஷம், பிறக்கும். நம் வருமான வரிக்கு ஏப்ரல் 1. லண்டனுக்கு ஏப்ரல் 6. அமெரிக்காவுக்கு ஜனவரி 1. இந்த நாலுக்கும் கட்டுப்படாதது வயல். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை உண்டு. தள்ளிப்போனால் சம்பாவோடு சரி. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டை நிற்கும், கூடவே குத்தகைப் பணமும் நிற்கும்.

அமெரிக்காவில் ஒரு விதி. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு வருஷத்தில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆண்டு முடிவு இருப்பு போதாது. வருஷத்திலேயே அதிகமாக இருந்த நாளின் தொகை வேண்டும். பெரியம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கும் இதில் அடக்கம். அதனால் ஜனவரியானால் பாஸ்புக்கில் நான் முதலில் தேடுவது போன சம்பா அறுப்பு முடிந்து பணம் ஏறிய நாளை. டாலர் மதிப்போ டிசம்பர் 31 விகிதத்தில். அறுத்தது மாசியில், விலை மார்கழியில்!

‘விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது’ என்று இங்கே டீக்கடையில்கூடச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது இந்திய வருமான வரிக்கு மட்டும். அமெரிக்கக் குடிமகளான அக்கா உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே காட்ட வேண்டும், குத்தகை நெல் உட்பட. அண்ணனின் லண்டனிலும் அதே பாட்டுதான். அக்கா லண்டனில் போட்ட ஐ.எஸ்.ஏ. சேமிப்பு அங்கே வரியில்லாதது, அமெரிக்காவில் அந்தச் சலுகை செல்லாது. அதற்குள் மியூச்சுவல் ஃபண்டு இருந்தால் பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனியாக அமெரிக்க வரித் துறையின் 8621 படிவம். ‘வரி இல்லை’ என்று யாராவது சொன்னால் எந்த ஊரில் என்று உடனே கேட்டுவிடுவேன்.

ஞாயிறு இரவு ஏழரைக்கு மூவரும் பேசுவோம். குளிர்காலத்தில் அது லண்டனில் மதியம் 2, நியூஜெர்சியில் காலை 9. மார்ச்சில் அமெரிக்காக்காரர்கள் கடிகாரத்தை முதலில் மாற்ற, லண்டன்காரர்கள் சில வாரம் கழித்து மாற்றுவார்கள். அந்த வாரங்களில் யாராவது ஒருவர் தனியாகத் திரையில் உட்கார்ந்திருப்பார்.

பவர் பத்திரம் வந்தால் உறையைக் கிழித்துப் போட மாட்டேன். வெளிநாட்டில் கையெழுத்தான பத்திரத்துக்கு இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். வந்த தேதிக்கு அந்தக் கூரியர் உறைதான் சாட்சி. தெரியாதவர்கள் உறையைக் குப்பையில் போட்டுவிட்டு அலுவலகத்தில் நின்று விழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது நிலப் பேச்சு. அண்ணன் தன் பங்கை விற்க நினைக்கிறார். வெளியாருக்குப் போகாமல் தானே வாங்கிக்கொள்கிறேன் என்றார் அக்கா. முடியாது. வெளிநாட்டு இந்தியரோ வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரோ வாரிசாக விவசாய நிலத்தை அடையலாம், விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டத்தில் இடமில்லை.

“எங்க அப்பா நெலத்தை நானே வாங்கக் கூடாதா தம்பி?” என்றார் அக்கா. சட்டத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் அண்ணன்தான், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம் போடலாமா என்று கேட்டார். அதற்கு வக்கீலுக்கு வக்கீல் ஒரு பதில் சொல்கிறார்கள். உள்ளூரிலேயே இருக்கும் மாமா மகன் வாங்கத் தயார், விலைதான் படியவில்லை. அதுவரை பழைய குத்தகைக்காரரே இந்தச் சம்பாவையும் நடட்டும் என்று பெரியம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்.