29-ஆம் லெவலுக்கு இருபது ஃப்ரேம்: என்இஎஸ் டெட்ரிஸ் குறிப்புகள்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

நின்டெண்டோவின் என்இஎஸ் வீடியோகேம் கருவிக்கு வந்த 1989 டெட்ரிஸில் எல்லாக் கணக்கும் ஃப்ரேமில்தான். ஃப்ரேம் என்பது திரையில் வரும் ஒரு படம், நொடிக்கு 60. கட்டை ஒரு வரி இறங்க 18-ஆம் லெவலில் 3 ஃப்ரேம், 19 முதல் 28 வரை 2, 29-இலிருந்து 1. பலகையின் உயரம் 20 வரி. ஆகவே 29-இல் கட்டை தலைகாட்டித் தரை தொடுவதற்குள் கையில் இருப்பது சுமார் 20 ஃப்ரேம்.

பொத்தானை அழுத்திப் பிடித்தால் முதல் நகர்வு உடனே நடக்கும். அடுத்தது 16 ஃப்ரேம் கழித்து, அதன்பின் 6 ஃப்ரேமுக்கு ஒன்று. நெட்டாக நிற்கும் நீளக் கட்டை இடச்சுவரை அடைய 5 நகர்வு வேண்டும்: 16+6+6+6, மொத்தம் 34. அந்த 16 ஃப்ரேம் காத்திருப்பு முன்கூட்டியே முடிந்திருந்தால், அதாவது சார்ஜ் ஏறியிருந்தால், 24. அந்த 24-உம் 29-இல் பற்றாது. அதனால்தான் அந்த லெவலுக்குப் பல காலம் ‘கில் ஸ்கிரீன்’, அதாவது இதற்கு மேல் ஆட முடியாத கட்டம், என்று பெயர்.

சார்ஜ் கலையாமலிருக்க, ஒரு கட்டை அமர்ந்து அடுத்தது வருவதற்குள் கிடைக்கும் 10–18 ஃப்ரேமில் திசைப் பொத்தானைப் பிடித்துவிட வேண்டும். கட்டை வந்தபின் புதிதாக அழுத்தினால் சார்ஜ் பூஜ்யம்.

பிப்ரவரி 5, புதன்

கிணறு, அதாவது நீளக் கட்டைக்காகக் காலியாக விடும் ஓரப் பத்தி, ஏன் எப்போதும் வலப்பக்கம்? நீளக் கட்டை வலச்சுவருக்குப் போக 4 தட்டு, இடத்துக்கு 5. அவ்வளவுதான்.

18-ஆம் லெவலில் நான்கு வரியை ஒன்றொன்றாக அழித்தால் 3,040 புள்ளி. ஒரே அடியில் அழித்தால் 22,800. ஆனால் நீளக் கட்டை இத்தனைக்குள் வந்தே தீரும் என்ற உத்தரவாதம் இந்த ஆட்டத்தில் இல்லை. உடனே முந்தைய கட்டையே மறுபடி வருவதைக் கொஞ்சம் குறைக்கிறது, வேறு நினைவு அதற்குக் கிடையாது. வறட்சி நீண்டு அடுக்கு பாதி உயரம் தாண்டினால் கஞ்சத்தனம் பார்க்காமல் ஒன்றிரண்டு வரிகளை உடனே அழித்துவிடுவதே புத்தி. கிணற்றைத் தவிர இன்னொரு மூன்று வரிப் பள்ளமும் இருந்தால், வருகிற ஒரே நீளக் கட்டையை எதற்குக் கொடுப்பது?

பிப்ரவரி 9, ஞாயிறு

பொத்தானைப் பிடிக்காமல் கட்டைவிரலை அதிரவிட்டுத் தட்டும் ஹைப்பர்டேப்பிங்கால் ஜோசப் சேலி 2018-இல் 16 வயதில் உலகப் பட்டம் வென்றார். 2020 கடைசியில் கிறிஸ்டோபர் மார்ட்டினெஸ் ரோலிங்கைக் கொண்டுவந்தார். இதில் கட்டைவிரல் தட்டுவதே இல்லை. திசைப் பொத்தான்மேல், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பதிந்துவிடும் என்ற அளவில் லேசாக வைத்திருந்தால் போதும். மறுகை விரல்கள் கன்ட்ரோலரின் அடிப்பக்கத்தை வரிசையாகக் கொட்டும். ஒவ்வொரு கொட்டும் பொத்தானைக் கட்டைவிரலில் மோதவைக்கும்.

நொடிக்கு 15 தட்டு என்றால் இடச்சுவருக்கு 16 ஃப்ரேம். 29-இல் அடுக்கு நான்கு வரிக்கு மேல் போனாலே ஆபத்து. 20 தட்டு என்றால் 12 ஃப்ரேம், எட்டு வரி வரை தாங்கும்.

சுவருக்குத் தள்ளும்போது ஒரு கொட்டு கூடினாலும் கெடுதல் இல்லை, சுவர் தடுத்துவிடும். சிக்கல் நடுவில்தான். மூன்று தட்டு வேண்டிய இடத்தில் மோதிரவிரல் சன்னமாகப் பட்டால் இரண்டுதான் பதியும், கட்டை ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்து ஓட்டை விழும். ஆகவே வேகத்தைக் கூட்டும் முன் எல்லா விரலும் ஒரே கனத்தில் விழப் பழக்க வேண்டும். கட்டைவிரல் அழுத்தம் கூடினால் பொத்தான் மேலெழாமல் எல்லாத் தட்டும் ஒன்றாகிவிடும்.

பிப்ரவரி 14, வெள்ளி

138-ஆம் லெவலிலிருந்து நிறப்பட்டியல் தீர்ந்துபோய், ஆட்டம் சம்பந்தமில்லாத நினைவகத்தை நிறமாகப் படிக்கத் தொடங்கும். 148-இல் கட்டைகள் கரும்பலகையில் கரியால் கிறுக்கியது போல இருக்கும்.

மதிப்பெண்ணைப் பெருக்காமல், லெவலோடு ஒன்று சேர்த்த எண்ணிக்கைக்குத் திரும்பத் திரும்பக் கூட்டுவதுதான் நிரலின் வழி. லெவல் ஏற ஏற அந்த வேலை ஒரு ஃப்ரேமுக்குள் முடியாமல் போகிறது, ஆட்டம் உறைகிறது. 2023 டிசம்பரில் ஓக்லஹோமாவின் 13 வயது வில்லிஸ் கிப்சன் 157-இல் அப்படி உறையவைத்தார். உறையாதபடி திருத்திய பதிப்பில் மைக்கேல் ஆர்டியாகா 2024 அக்டோபரில் 255-ஐத் தாண்டி மீண்டும் 0-க்கு வந்தார். வழியில் 235-ஆம் லெவல் மட்டும் ஒரு பிழையால் 10 வரிக்குப் பதில் 810 வரி கேட்கும்.