தட்டும் கரண்டியும்: மலை முகாம் குறிப்புகள்

மே 5, 2025, திங்கள்

வத்தலக்குண்டில் காபி குடித்துவிட்டு கொடைக்கானல் மலை ஏறினோம். டம்டம் பாறை வருவதற்குள் நான்கு பேர் வாந்தி. வேனுக்கு இ-பாஸ் எடுத்த நான் பின்னால் சாமான் ஏற்றிவந்த ஜீப்புக்கு எடுக்க மறந்துவிட்டேன், அதனால் சோதனைச் சாவடியிலேயே நின்று, விட்டுவிட்டு வரும் சிக்னலில் பதிவுசெய்து முடிக்க முக்கால் மணி நேரம். செண்பகனூர் பக்கத்தில் விடுதி. 32 பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, என் சபை), ஆர்.சி. (கத்தோலிக்கர்), பெந்தெகொஸ்தே என்று கிறிஸ்தவச் சபைகள் எல்லாம் கலந்து. விவாதப் பயிற்சி என் பொறுப்பு. திருநெல்வேலிப் பிள்ளைகள் ஸ்வெட்டருக்கு மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு கிழவிகள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். வெந்நீர் ஆளுக்கு ஒரு வாளிதான்.

மே 6, செவ்வாய்

வாதம் வருவதற்கு முன்னாலேயே சொல்லில் மாட்டிக்கொண்டோம். ஆர்.சி. பிள்ளை ஒருத்தி திருமுழுக்கு என்கிறாள், எங்கள் சி.எஸ்.ஐ. பிள்ளைகள் ஞானஸ்நானம் என்கிறார்கள், இரண்டும் வேறுவேறு சடங்கு என்றே ஒருவன் நினைத்திருந்தான். சரி என்று பழைய கதையைச் சொன்னேன்: கடவுளுக்கு, 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் மொழிபெயர்த்த பைபிளில் பராபரன், ஹென்றி பவர் என்பவர் திருத்தி 1871-இல் வந்த பதிப்பில் தேவன், ஆர்.சி.க்காரர்களின் பழைய ஜெபங்களில் சர்வேசுரன். "அப்போ பராபரன்னு கூப்பிட்டாலும் கேக்குமாக்கா?" என்றான் கடைசி பெஞ்சில் ஒருவன்.

எனக்குப் பிடித்த விதி ஒன்றுதான். எதிர்த்தரப்பு சொன்னதை முதலில் நீ உன் வாயால் சொல்ல வேண்டும், அவர்கள் "ஆமா, இதைத்தான் சொன்னோம்" என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் மறுக்கலாம். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் மாற்றாரின் மதங்களை எடுத்துச் சொல்லி மறுக்கும் பரபக்கத்தை முதலில் வைத்து, அதற்கு அப்புறம்தான் தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு வருகிறார் என்றேன். கிறிஸ்தவ முகாமில் சைவ சித்தாந்தமா என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் முகம் சுளித்தார். இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் தோமா அக்குவினாசும் மறுப்புகளைத்தான் முதலில் வைக்கிறார் என்றதும் சமாதானமாகிவிட்டார். அக்குவினாஸ் ஆர்.சி. என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மே 7, புதன்

மகனாகிய இயேசு பிதாவுக்குச் சமமானவரா என்று ஆயர்கள் கூடி வாதாடிய நிசேயா சங்கத்துக்கு இந்த வருடத்தோடு 1700 வயது. சமமில்லை என்றவர் ஆரியுஸ், சமம் என்றவர் அத்தனாசியுஸ். அறையை இரண்டாகப் பிரித்தோம். மகன் என்றால் அவர் இல்லாத ஒரு காலம் இருந்தே ஆக வேண்டும் என்று ஆரியுஸ் தரப்பு அடித்துப் பேசி ஜெயித்துவிட்டது. சூரியன் என்றைக்கு உண்டோ அன்றைக்கே வெளிச்சமும் உண்டு என்கிற பதில் அத்தனாசியுஸ் தரப்புக்குச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுதான் தோன்றியது. மத்தியானம் முழுக்க மழை.

மே 8, வியாழன்

இன்றைய தலைப்பு, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா. எங்கள் சி.எஸ்.ஐ.யில் கொடுப்போம், பெந்தெகொஸ்தேக்காரர்கள் விவரம் தெரிந்த பிறகுதான் கொடுப்பார்கள். சீட்டுப் போட்டதில் பெந்தெகொஸ்தே பையன் ஒருவனுக்குக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்கிற தரப்பு விழுந்தது, அவனுக்கு எதிரே எங்கள் சி.எஸ்.ஐ. பெண். உலகப் பள்ளிப் போட்டிகளில் ஒருவருக்கு 8 நிமிடம், நாங்கள் 5 என்று வைத்திருக்கிறோம். நேரம் முடிந்ததும் அடிக்கிற மணி ஜீப்போடு கீழே போய்விட்டதால் சமையல்கட்டு எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஒரு தட்டு. முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது.

பையன் அசத்திவிட்டான். பைபிளில் லீதியாள் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றாள், பிலிப்பி சிறைச்சாலைக்காரனும் அப்படியே, அந்தக் காலத்து வீட்டில் குழந்தையே இல்லாமலா, எட்டாம் நாள் விருத்தசேதனத்துக்குக் குழந்தையிடம் சம்மதம் கேட்டார்களா என்று அடுக்கிக்கொண்டே போனான். நான்தான் நடுவர். அவன் தரப்புக்கே தீர்ப்பு.

ராத்திரி பாத்திரம் கழுவும் இடத்தில், கூட இருந்து குறிப்பெடுத்த அண்ணன் தன் தாளைக் காட்டினார். சிறைச்சாலைக்காரன் ஞானஸ்நானம் பெறுவதற்கு முந்தைய வசனத்திலேயே வீட்டிலிருந்த எல்லோருக்கும் போதித்தார்கள் என்று இருக்கிறதே, போதனை கேட்கிற கைக்குழந்தை எது என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். பையன் பதில் சொல்லவே இல்லை. அவர் தாளில் அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார், என் தாளில் அந்த வரியே இல்லை. நான் ஐந்து மாதக் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவள். பேனா என் கையில் இருந்தது, மார்க் போட்டது எங்கள் சபை.

மே 9, வெள்ளி

காலை ஜெபம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் தீர்ப்பைத் திருத்தினேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்டேன். "எனக்கு நேத்தே தெரியும்க்கா, அவன் பேசும்போதெல்லாம் நீங்க தலையாட்டிக்கிட்டே இருந்தீங்க" என்றாள்.

அதோடு போகவில்லை. பையன் முந்தின நாளே ஜெயித்த பெருமையை வீட்டுக்குச் சொல்லியிருக்கிறான். பதினோரு மணிக்கு அப்பா போன். "பிரைஸ் த லார்ட் சிஸ்டர்" என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். அடுத்த மாதம் பையனுக்கு முழுக்கு ஞானஸ்நானம், ஆறு மாதமாக ஆயத்தப்படுத்துகிறார்கள், இந்த நேரத்தில் அவன் வாயாலேயே இதைப் பேச வைத்திருக்கிறீர்களே என்றார். எதிர்த்தரப்பைப் புரிந்துகொள்ளத்தான், யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டில் எடுத்தோம் என்றேன். "சீட்டுப் போட்டுக் கொடுக்கிற விஷயமா சிஸ்டர் இது?"

எனக்குப் பதில் வரவில்லை. போனை வைத்த பிறகுதான், பைபிளில் யூதாஸின் இடத்துக்கு மத்தியாவை அப்போஸ்தலனாகச் சீட்டுப் போட்டுத்தானே எடுத்தார்கள் என்று ஞாபகம் வந்தது. நல்லவேளை, அப்போதே வரவில்லை. அவர் கேட்டது அது இல்லை. பதினைந்து வயதுப் பையனுக்கு எது பயிற்சி, எது அவன் தலையில் தங்கிவிடும் என்று எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அடுத்த முறை இந்தத் தலைப்பைச் சீட்டில் போட மாட்டேன். இல்லை, போடுவேன், பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு.

சாயங்காலம் சமையல்கட்டுக்குப் பின்னால் காட்டுமாடு ஒன்று வந்து நின்று முட்டைக்கோஸ் தழையைத் தின்றது. 32 பேரும் ஜன்னலில். கிட்டத்தட்ட அரை மணி நேரம் யாரும் வாதாடவில்லை.

மே 10, சனி

மூட்டை கட்டும் நாள். ஒற்றைச் செருப்புகள் மட்டும் ஐந்து. தட்டை அடித்து அடித்து நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது, சமையல்கார அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மற்ற தட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

வேனில் ஏறும்போது பையன் போனை என்னிடம் நீட்டினான். "நான் தோத்துட்டேன்னு அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்கக்கா. ரொம்ப சந்தோஷப்படுவாரு."

பெருமாள்மலை தாண்டும் வரை சிக்னல் கிடைக்கவில்லை.